லாபத்துக்கு அடியில் பூஜ்யம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, டெலிபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நான் மூன்று விரலைக் காட்டினேன். கதவுக்கு உள்ளே இருந்த பூங்கொடி பதிலுக்கு மூன்று விரலைக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் திரும்பி, பீரோ போல நின்றிருந்த அந்தப் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை இழுத்து எடுத்தாள்.

மாடியில் டிராயிங் செக்ஷனிலிருந்து உடனே கூச்சல் கிளம்பியது.

"ஏனுங், எல்லா ஸ்கிரீனும் நின்னு போச்சுங்!"

"மேடம், டிஸ்க்கை எடுத்தாச்சா?" என்று சென்னையிலிருந்து இன்ஜினியர் போனில் கேட்டான்.

எடுத்தாச்சுப்பா. நன்றாகவே எடுத்தாச்சு.

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதற்குச் சிலர் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்கள். இந்த வாரம் சாம்பார் இல்லை, கம்ப்யூட்டர். அதைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் டிஸ்க், ஒயர் எல்லாம் வரும்தான். ஆனால் கதை ஒரு பெண்ணைப் பற்றியது, ஒரே ஒரு சொல்லைப் பற்றியது.

ஏ.சி. ரூம்பு அம்மணி

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில், கணபதி பக்கம், ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் மேனேஜராக இருந்தேன். பேருக்குத்தான் மேனேஜர். வாட்ச்மேனிலிருந்து ஃபவுண்டரி ஆட்கள் வரை எல்லோருக்கும் நான் 'ஏ.சி. ரூம்பு அம்மணி'தான். ஸ்டெல்லா என்ற என் பெயர் சம்பள நாளில் மட்டும் ஞாபகத்துக்கு வரும்.

முதலாளியைப் பெரியவர் என்போம். ஒரே ஒரு லேத்தை வைத்துத் தொழில் தொடங்கியவர். அவர் மகனைச் சின்னவர் என்போம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், எதற்கும் அவசரம். அவர்தான் அந்தப் பெட்டியை வாங்கினார். அதுவரை பம்புகளின் வரைபடங்கள் எல்லாம் சுருள் சுருளாக இரும்பு பீரோவில் கிடந்தன. கரையானுக்குக் கொஞ்சம், மழை ஒழுகலுக்குக் கொஞ்சம் என்று போய்க்கொண்டிருந்தன. அவற்றையும், ஸ்டாக்கு, டெஸ்பாட்ச் விவரங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பதுதான் திட்டம்.

அந்த ரூமுக்குள் செருப்போடு நுழைய நான் யாரையும் விட்டதில்லை. ஃபவுண்டரிக் கரி பொல்லாதது, மூக்குக்குள்ளேயே குடித்தனம் வைக்கும். டிஸ்க்குக்குள் போனால் கேட்கவா வேண்டும்? சித்திரை மாதத்தில் மட்டும் எங்கள் ரூமுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், அதிகம். "சும்மா சித்த நேரம் உக்காந்துட்டுப் போறனுங்" என்று அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு வருவார்கள். விரட்டி விரட்டி என் குரலே கெட்டுப்போனது.

பெட்டிக்குள் ஐந்து டிஸ்க்குகள். ஒரே தகவலை ஐந்திலும் பிரித்துப் பிரித்து எழுதும். அதில் ஒன்று செத்தாலும் மற்ற நான்கையும் வைத்து அது இழந்ததைத் திரும்பக் கணக்கிட்டுவிடும், வேலை நிற்காது. இரண்டு போனால் எல்லாம் போச்சு.

இதை நான் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியதும் பெரியவர் சொன்னார்: "அட, இதுக்கு எதுக்குங் அம்மணி இத்தன கோடு? பங்காளிக அஞ்சு பேருல ஒருத்தன் காய்ச்சல்ல படுத்தா, மத்த நாலு பேரு காட்டப் பாத்துக்குவானுக. ரெண்டு பேரு படுத்தா அந்த வருச வெள்ளாமை போச்சு. அதுதானுங்?"

அதேதான். அதற்குப் பிறகு புது ஆட்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் பெட்டிக்கே பூஜ்யமா?

பெட்டியை நிறுவிய நாளில் பூஜை நடந்தது. வாழைப்பழம், தேங்காய், சாம்பிராணி. புகையைக் கண்டால் எனக்கு ஆகாது, கம்ப்யூட்டர்காரி அல்லவா? சாம்பிராணியை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வெளியே நிறுத்தினேன். நான் பங்குக் கோயிலில் வளர்ந்தவள், பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "பொட்டிக்கும் ஒண்ணு போட்டு உடுங் அம்மணி. எல்லாச் சாமியும் பாத்துக்கட்டும்" என்றார். போட்டேன்.

அவர் கையாலேயே சந்தனம் குழைத்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பொட்டு வைத்தார். டிஸ்க்கின் முகப்பில் சின்னதாக ஒரு விளக்கு உண்டு. நன்றாக இருந்தால் பச்சை, பழுதானால் சிவப்பு. வட்டமாக, நெற்றிப் பொட்டுக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்ததால் பெரியவரின் சந்தனம் நேராக அதன்மேல் போய் உட்கார்ந்தது. ஐந்திலும். அதற்குமேல் குங்குமம் வேறு. முதலாளி வைத்த பொட்டை யார் துடைப்பது?

பிறகு ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மேலே பெட்டியில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்தார். நிறுவ வந்திருந்தவன் விளக்கினான்: "ஜீரோலேர்ந்து ஆரம்பிக்கும் சார். ஜீரோ, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங் தம்பி, மொதப் பொட்டிக்கே பூஜ்யமுங்களா? தொழிலு நடக்கற எடத்துல சூனியத்துல இருந்தா எண்ணுவாங்க?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சார் எண்ணும்."

"கம்ப்யூட்டரு அது பாட்டுக்கு எண்ணிக்கட்டும். நாம நம்மளாட்ட எண்ணுவோம். பூங்கொடி, கண்ணு, சீட்டு எழுதி அதும்மேல ஒட்டு. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

வேறு ஊர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் களத்தில் நிலக்கடலையோ சோளமோ வள்ளத்தில் அளந்து கொட்டும்போது முதல் வள்ளத்தை 'ஒண்ணு' என்று எண்ணமாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூணு. வாயிலிருந்து வரும் முதல் சொல் நல்ல சொல்லாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். எனக்கு மிகப் பிடித்த வழக்கம் இது. ஒன்று என்ற வறட்டு எண்ணுக்கு இப்படி ஒரு பெயர் வைக்க எவ்வளவு நல்ல மனசு வேண்டும்!

பூங்கொடி குண்டுக் குண்டு எழுத்தில் ஐந்து சீட்டு எழுதி, அச்சு எண்களின்மேலேயே ஒட்டினாள். ஒரு வாரத்தில் நாங்கள் எல்லோருமே 'லாபம் சூடாகுதுங்க்கா', 'நாலு சத்தம் போடுதுங்க்கா' என்று அதே பாஷையில் பேசத் தொடங்கிவிட்டோம். அச்சு எண் என்று ஒன்று இருந்ததே மறந்துபோனது.

ஒரு சொல்லு வரக்கூடாது

பூங்கொடிக்கு ஊர் பெருந்துறைக்கு அந்தப் பக்கம். கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு எங்களிடம் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். காந்திபுரத்தில் லேடீஸ் ஹாஸ்டல். காலையில் டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கினாலும் தலையில் பூ வாடாமல் இருக்கும். அந்த ரகசியத்தை எனக்குக் கடைசிவரை சொல்லித்தரவில்லை.

வேலைக்கு அனுப்ப அவளுடைய அப்பாவுக்கு இஷ்டமில்லை. பட்டினி கிடந்து அழுது சம்மதம் வாங்கியிருக்கிறாள். அவரும் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எங்கய்யன் என்ன சொல்லிப்போட்டாருன்னா, 'வேலைக்குப் போற எடத்துல உன்னையப் பத்தி ஒரு சொல்லு வரக்கூடாது கண்ணு. வந்துச்சுன்னா அன்னைக்கே ஊட்டுக்கு வந்துரோணும்' அப்படின்னுட்டாருங்க்கா" என்று சேர்ந்த புதிதில் என்னிடம் சொன்னாள்.

"வந்தா என்ன? எனக்கு வராத சொல்லா? தினம் நாலு வருது."

"உங்குளுக்குப் பரவால்லீங்க்கா. நான் போனா, அப்பறம் திரும்பி வர முடியாதுங்க. ஊர்ல நானு இன்னார் புள்ள, இன்னார் தங்கச்சி. இங்கதானுங் என்னையப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க."

அதைக் கேட்ட பிறகு நான் அவளை 'ஏய்', 'இந்தா' என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, தொடங்கியிருந்தது. அவளைக் கூட்டிப்போக அப்பா காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் மஞ்சள் பை. ஹாஸ்டலிலிருந்து எடுத்துவந்த மகளின் துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தால், "இப்பத்தானுங் குடிச்சேன்" என்று இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். மகளுக்கு மத்தியானம் அரை நாள் லீவு. அதுவரை காத்திருக்க வேண்டும்.

அந்த அரை நாளுக்குள்தான் இத்தனையும் நடந்தது.

மூணுன்னா மூணுதான்

காலையில் பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. ஒரு டிஸ்க் பழுது. ஒன்றுதானே, பதறவில்லை. மாற்று டிஸ்க்கும் கையில் இருந்தது. சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டேன். முன்பு வந்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது, புதிதாக ஒருவன் எடுத்தான். திரையில் தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு, "டிஸ்க் மூணு போயிருக்கு மேடம். அத மட்டும் கழட்டிட்டுப் புதுசு போடுங்க" என்றான்.

டெலிபோன் ஒயர் ஏ.சி. ரூமுக்குள் எட்டாது. அதனால்தான் வெளியிலிருந்து விரலைக் காட்டினேன். சிவப்பு விளக்கைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்றால், ஐந்திலும் காய்ந்த சந்தனம். பூங்கொடி 'மூணு' என்று எழுதியிருந்ததை இழுத்தாள். மற்றதைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

சின்னவர் மாடியிலிருந்து இரண்டு படிகளாகத் தாவி இறங்கி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு டிஸ்க் போயிருச்சுங்க சார்."

"டேப்ல இருக்குமில்ல?"

எல்லாவற்றுக்கும் தினமும் நகல் எடுத்துவைக்கும் டேப் டிரைவ் ரிப்பேருக்குச் சென்னை போயிருந்தது. அந்த ரிப்பேரை வாரக் கணக்கில் இழுத்தடித்தவர் அவரேதான். இருந்தது போன மாதத்து டேப். அதற்குப் பிறகு டிராயிங் செக்ஷன் வரைந்த எதுவும் அதில் கிடையாது. நான் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது, உடனே சிவந்தது.

"யாரு எடுத்தது?"

"நாந்தானுங்" என்றாள் பூங்கொடி.

"எடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

"மூணாவது டிஸ்க்க எடுன்னா எடுக்கத் தெரியல. இதெல்லாம் ஒரு ஆபரேட்டரா? இன்னைக்கே அனுப்பிருங்க மேடம். இனி இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது!"

அவருக்கு ஃபவுண்டரியில் பேசிப் பழகிய குரல். ரிசப்ஷனில் பூங்கொடியின் அப்பா எழுந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. வராமலே இருந்த அந்த ஒரு சொல் வந்துவிட்டது.

சின்னவர் போனதும், "மூணைத்தானுங்க்கா எடுத்தேன்" என்றாள் பூங்கொடி. போனில் அவனும், "நான் மூணுன்னுதானே மேடம் சொன்னேன்" என்று அழாக்குறை.

எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய் அவள் எடுத்த இடத்துக்கு மேலே இருந்த சீட்டைப் பிய்த்தேன். அடியில் 2 என்று அச்சடித்திருந்தது.

பக்கத்திலிருந்ததையும் உரித்தேன். 1. கடைசியாக, லாபத்தை உரித்தேன். அடியில் முழு வட்டமாகப் பூஜ்யம்.

அட கடவுளே! அவன் சொன்ன மூணும் மூணுதான், இவள் எடுத்த மூணும் மூணுதான். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணியது, நாங்கள் லாபத்திலிருந்து எண்ணினோம். பழுதான டிஸ்க் எங்கள் கணக்கில் 'நாலு' என்ற பெயரோடு, சந்தனப் பொட்டோடு, அப்பாவியாக உட்கார்ந்திருந்தது.

"இரு, இப்பவே போய்ச் சொல்றேன். யாரால வந்த வினை இது!" என்று கிளம்பிய என் கையைப் பூங்கொடி பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க்கா. பெரியவரு காதுக்குப் போச்சுன்னா நொந்து போயிருவாரு. நல்லதுக்குத்தானுங் அவரு ஒட்டச் சொன்னாரு."

"உன்னை வீட்டுக்கு அனுப்பறாங்க, தெரியுதா? உங்கப்பா வெளியில பையோட நிக்கறாரு!"

"தெரியுதுங்க்கா" என்றாள். அந்த டிஸ்க்கைத் தூசி படாமல் முந்தானையில் பொதிந்து நெஞ்சோடு வைத்திருந்தாள். இழுத்ததிலிருந்து அதைக் கீழேயே வைக்கவில்லை.

எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அழ நேரமில்லை.

அந்தோணியாருக்கு ஒரு வேலை

சீட்டு விஷயத்தைக் கேட்டதும் போனில் இருந்தவனுக்கு உயிர் வந்தது. "அப்ப நீங்க எடுத்தது நல்ல டிஸ்க்தான் மேடம். அதுல எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா பெட்டி அது செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. செத்ததை உயிரோடதான் இருக்குன்னு நம்ம சொல்லணும்."

பெட்டியை அணைத்தோம். பூங்கொடி டிஸ்க்கை எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகினாள். மறுபடி போட்டோம். திரையில் வரிசையாகச் சில கட்டளைகள் வந்தன. நாங்கள் வேண்டிய கட்டளைக்கு நேர் கீழே, ஒரே ஒரு வரி தள்ளி, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கும் கட்டளை. எவன் புண்ணியவானோ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறான்!

தொலைந்ததைத் தேடித் தருபவர் எங்கள் அந்தோணியார். வீட்டுச் சாவி, மூக்குத்திச் சுரை, பஸ் பாஸ் என்று நான் அவருக்குக் கொடுக்காத வேலையில்லை. "செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தியோட வரேன் சாமி. டிராயிங் கிடைக்காட்டிகூடப் பரவாயில்லை, இந்தப் பொண்ணு போகக் கூடாது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவள் வேண்டக்கூடிய வேண்டுதலா அது? ஆனாலும் அப்படித்தான் வேண்டினேன்.

விசையை அழுத்தினேன். திரை கறுத்தது. பூங்கொடி என் தோளைப் பிடித்திருந்த பிடியில் ஜாக்கெட் தையல் விட்டுப்போனது.

பிறகு எழுத்துகள் வந்தன. ஒவ்வொரு வரியாக, சாவகாசமாக. கடைசியில் மாடியிலிருந்து ஒரு குரல்: "வந்துருச்சுங்! வரைஞ்சதெல்லாம் அப்படியே இருக்குதுங்!"

முதல் வேலையாக ஈரத் துணியால் ஐந்து பொட்டையும் துடைத்தேன். நான்கில் பச்சை, ஒன்றில் சிவப்பு. அந்தச் சிவப்பை, எங்கள் 'நாலை', நாங்கள் இரண்டு பேரும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கழற்றினோம்.

எண்ணிக்கை

பெரியவர் வந்தார். கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே சின்னவர். விஷயத்தைச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார் என்று தெரிந்தது.

மேஜையில் நான் உரித்துப் போட்ட சீட்டுகள் சுருண்டு கிடந்தன. பெரியவர் ஒன்றை எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். லாபம்.

"இத எதுக்குங் உரிச்சீங்க?"

நான் பூங்கொடியைப் பார்த்தேன். "பசை உட்டுருச்சுங்" என்றாள் அவள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பெட்டியைப் பார்த்தார். அச்சு எண்களின்மேல் விரலை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். 2 என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கையிலிருந்த சீட்டை ஒரு முறை பார்த்தார், பெட்டியை ஒரு முறை பார்த்தார். லேத்தில் நூலளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனுஷருக்கு இது எம்மாத்திரம்?

நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "தம்பி, இந்தப் பொட்டியக் கெடுத்தது அந்தப் புள்ள இல்ல. உங்கப்பன்."

சின்னவர் என்னைப் பார்த்தார். "அப்ப... அந்தச் சீட்டா?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பூங்கொடி பக்கம் திரும்பினார். பெரியவர் காத்திருக்காமல் நேராக ரிசப்ஷனுக்கு நடந்தார். நானும் பூங்கொடியும், ரூமில் வேலை பார்த்த மற்ற இரண்டு பெண்களும் பின்னாலேயே ஓடினோம்.

பூங்கொடியின் அப்பா கையில் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, கிளம்புவதற்குத் தயாராக நின்றிருந்தார். மகளை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஏனுங், என்ற புள்ள எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?" என்று பெரியவரிடம் கேட்டார். "சத்தம் கேட்டுச்சுங். ஒரு சொல்லு வந்தா கூட்டிட்டுப் போயர்றன்னு மொதல்லயே சொல்லித்தானுங் உட்டேன்."

பெரியவருக்கு அந்தக் கேள்வி உறைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்ற கம்ப்யூட்டரு ரூம்புல ஆரார் இருக்கறாங்கன்னு காட்டறனுங், பாருங்" என்று விரலை நீட்டினார்.

மேனேஜர் என்ற முறையில் நான் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன். விரல் என்னைத் தாண்டிப் போனது. என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த பூங்கொடியின் மேல் போய் நின்றது.

"லாபம்" என்றார்.

பிறகு என்னைக் காட்டி, "ரெண்டு." மற்ற இருவரையும் காட்டி, "மூணு. நாலு."

அவ்வளவுதான். ரிசப்ஷனில் இருந்த மற்றவர்களுக்கு ஏதாவது புரிந்திருக்குமா, தெரியாது. காலமெல்லாம் களத்தில் நின்று வள்ளம் அளந்த பூங்கொடியின் அப்பாவுக்குப் புரிந்தது. முதன்முறையாக மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கும் கண் கலங்கியது. என் வாழ்க்கையில் இரண்டாவதாக நின்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

அவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். பைகளைக் கை மாற்றிக்கொண்டார்.

"நோம்பி ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சுருமுங்" என்றார் பெரியவரிடம். "திங்கக்கெழமை காத்தால மொத பஸ்ஸுல நானே கொண்டாந்து உட்டர்றனுங்."